தங்கள் பாராட்டுக்கு நன்றி

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளைத் தபால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகத் தபால் போடுகிறவள் இல்லை. மக்கள் மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிற புகார்களைப் பிரித்து, குழாய் உடைப்பு என்றால் பழுதுபார்ப்புக்கு, மீட்டர் தகராறு என்றால் மீட்டர் பிரிவுக்கு என்று அந்தந்த மேசைக்குத் தள்ளிவிடுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு வரும், மழைக்காலத்தில் முந்நூறு. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். அவள் ஹெட்போனில் கேட்பாள். அந்தக் குரல் போகிற வேகத்தில் மற்றவர்கள் காதுக்கு அது குருவிச் சத்தம். அவளுக்கு மட்டும் அட்சரம் அட்சரமாக விளங்கும். ஒன்பது வருடத்தில் ஒரு கடிதம்கூடத் தப்பான மேசைக்குப் போனதில்லை என்று பேர் வாங்கியிருந்தாள்.

அந்தப் பேருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேட்டு வைத்தார் ஓய்வுபெற்ற ஒரு ரயில் ஓட்டுநர்.

பிரிவுத் தலைவியின் அறைக்கு அவளைக் கூப்பிட்டபோது அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பாட்டிலை வைக்கிற சத்தம் கேட்டது. மூடியைத் திறந்ததும் சாக்கடை வாடை அறை முழுக்க அடித்தது.

"இது எங்க தெருக் குழாய்த் தண்ணி," என்றார் அவர். "மூணு வாட்டி எழுதினேன். மூணு வாட்டியும் உங்ககிட்டேர்ந்து பதில் வந்துச்சு. என்ன பதில்னு நானே படிக்கிறேன். 'தங்கள் பாராட்டுக்கு நன்றி. தொடர்ந்து சேவையாற்றக் காத்திருக்கிறோம்.' மூணாவது வாட்டி இதைப் படிக்கும்போது என் வீட்டுக்காரி வயித்தால போய் ஆஸ்பத்திரியில கெடந்தா. கேலி பண்றீங்களா, இல்ல கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

தலைவி இருமினாள். அதற்குள் அவரே தபால்காரம்மாவின் வெள்ளைக் கோலைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது," என்றார்.

"பரவாயில்லைங்க," என்றாள் அவள். "நீங்க எழுதுன தலைப்பு என்ன?"

"'அசுத்தமான குடிநீர் விநியோகம் தொடர்பாக.' வேற என்னத்தை எழுதுறது?"

அவளுக்கு அந்தக் கடிதம் நினைவிருந்தது. ஆனால் அவள் நினைவில் இருந்தது சுத்தமான குடிநீர். யாரோ நல்ல மனிதர் பாராட்டி எழுதியிருக்கிறார் என்று பாராட்டுப் பெட்டியில் போட்டிருந்தாள். அந்தப் பெட்டியில் விழுகிற கடிதத்துக்கெல்லாம் கணினியே நன்றி எழுதி அனுப்பிவிடும். தலைப்பைக் கேட்டுப் பிரிப்பதுதான் வழக்கம். உள்ளே இருப்பதை அந்தந்த மேசைக்காரர்கள் படித்துக்கொள்வார்கள். பாராட்டுப் பெட்டிக்கு மட்டும் மேசையும் கிடையாது, படிக்க ஆளும் கிடையாது.

அன்றைக்கே ஆள் அனுப்புவதாகச் சொல்லி அவரை வழியனுப்பிவிட்டுத் தலைவி கதவைச் சாத்தினாள். தலைவி கெட்டவள் இல்லை. அதனாலேயே அடுத்த பேச்சு கொஞ்சம் வலித்தது.

"உங்களைக் குத்தம் சொல்லலை. வேலை அதிகமாயிடுச்சு, எனக்கும் தெரியுது. கூட ஒருத்தரை உட்கார வச்சு, நீங்க பிரிக்கிறதை அவங்க ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுன்னு தோணுது. இல்லன்னா ஃபோன் பிரிவுக்கு மாத்தித் தர்றேன். யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு வாரம் குடுங்க மேடம்," என்றாள் அவள்.

தன் இடத்துக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துக் கேட்டாள். குரல் தெளிவாக 'அசுத்தமான' என்றது. மறுபடி கேட்டாள். மறுபடியும் அசுத்தமானதுதான். அப்படியானால் தப்பு செய்தது தன் காதுதானா? நாற்பத்திரண்டு வயதில் காதும் கைவிடப் போகிறதா?

கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டாள். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வயரைப் போட்டுக்கொண்டு அலைவதால் அவருக்கு வயர் என்றே பேராகிவிட்டது. அவர் வந்து ஹெட்போனை மாட்டி ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார். "கணீர்னு பாடுது. சத்தத்துல ஒரு கோளாறும் இல்ல," என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் போய்விட்டார்.

உண்மை பிடிபட்டது ஒரு தேநீருக்குப் பிறகுதான். குடித்துவிட்டு வந்து, முதல் வேலையாக அதே கடிதத்தின்மேல் போய் நின்றாள். "சுத்தமான குடிநீர் விநியோகம் தொடர்பாக," என்றது கணினி.

உடனே இன்னொரு முறை கேட்டாள். 'அசுத்தமான.' கையைக் கட்டிக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ணினாள். மறுபடி கேட்டாள். 'சுத்தமான.' பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது எண்ணிக் கேட்டாள். அநியாயம் நியாயமாக வந்தது. அசாதாரணம் சாதாரணமாகிவிட்டது. தண்ணீர் வெறும் 'ண்ணீர்'. குழாய், 'ழாய்'. சும்மா இருந்துவிட்டுப் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் கணினி முதல் எழுத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

இது இன்று நேற்று வந்ததில்லை என்றும் அப்போதுதான் உறைத்தது. புதுக் கணினி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்தே குரல் கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் பேசுகிறது என்று நினைத்திருந்தாள். இரண்டு நாளில் பழகிவிட்டது. 'ண்ணீர்' என்று கேட்டால் தண்ணீர் என்று புத்தி தானாகவே போட்டு நிரப்பிக்கொண்டது. எழுத்து போன பிறகும் மிச்சம் ஒரு முழுச் சொல்லாக நிற்கிற இடத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

வயரை மறுபடி கூப்பிட்டு, இருபது எண்ணச் சொல்லிக் கேட்க வைத்தாள். இந்த முறை அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அட, ஆமா. பழைய பெட்டியில தனியா சவுண்ட் கார்டு இருந்துச்சு. இதுல கிடையாது. மதர்போர்டிலேயே சின்னதா ஒண்ணு ஒட்டி அனுப்பிட்டாங்க. கரண்டை மிச்சம் பண்றேன்னு கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா அது தூங்கிடும். கூப்பிட்டா முழிச்சுக்கும், ஆனா முழிக்கிறதுக்குள்ள அரை எழுத்து போயிடும். பாட்டுக் கேக்குறவனுக்கு இது தெரியவே தெரியாது."

"தூங்காம இருக்க வைக்க முடியாதா?"

"ஒரு செட்டிங் இருக்கு. இப்பவே மாத்திடுறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம், மேடத்துக்குக்கூடச் சொல்ல வேணாம்."

மாற்றினார். அவள் இருபது எண்ணினாள், ஐம்பது எண்ணினாள். ஒவ்வொரு சொல்லும் தலையோடு வந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் தன் கருவிப் பையைக் கொட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நம்பாத ஆள். அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"அதான் சரியாப் போச்சே. அப்புறம் என்ன யோசனை?" என்றான்.

"செட்டிங்கை நம்பலாமாங்க? மேலிடத்துல இருந்து மாசத்துக்கு ஒரு தடவை எதையாவது அனுப்பி எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடுவாங்க. தனியா ஒரு கார்டு போட்டுட்டா அந்தப் பயம் இல்ல. குரலும் பழைய மாதிரி தெளிவா இருக்கும்."

"எங்க தொழில்ல ஒரு பேச்சு உண்டு. ஓடுற மெஷின்ல கை வைக்காதே."

"ஓடுதுதான். நொண்டி நொண்டி ஓடுது."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சரி, கார்டு போடுறதுல என்ன கஷ்டம், அதைச் சொல்லு."

அவள் விரலை மடக்கினாள். வெளியே செருகுகிற கார்டு போட வழியில்லை. பெட்டியின் யு.எஸ்.பி. துளைகளை எல்லாம் மேலிடத்தில் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளேதான் போட வேண்டும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்; திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று முத்திரை ஒட்டியிருக்கிறது. புதுக் கார்டு புதுக் குரலாகக் கேட்கலாம், பழக நாளாகும். அடுத்த விரலில் கொஞ்சம் நின்றாள்.

"அதைப் போடும்போது கணினி ஊமையாயிடும். மத்தவங்களுக்குச் சத்தம் போனா பாட்டு போச்சு, அவ்வளவுதான். எனக்குத் திரையே போன மாதிரி. பாதியில ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா என்ன கேக்குதுன்னே எனக்குத் தெரியாது."

"இன்னும் ஒரு விரல் மிச்சம் இருக்கு."

"கார்டு வேணும்னா மேடத்துகிட்ட எழுதிக் கேக்கணும். ஏன்னு சொல்லணும். சொன்னா, ஒரு மாசமா தலைப்பைத் தப்பாக் கேட்டிருக்கேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. பக்கத்துல ஒரு ஆளை உட்கார வைக்க அவங்களுக்கு அதுவே போதும்."

கணவன் மறுபடி கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தான். "செட்டிங்கோட ஓட்டிப் பாரு. கெட்டா அப்புறம் பாத்துக்கலாம்," என்றான். அவளுக்கும் அது வசதியாக இருந்தது. சரி என்றாள்.

நான்கு வேலை நாள் ஓடியது. ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. கணினியைத் திறந்ததும் முதல் கடிதம், "னுமதி இல்லாமல் குழாய் இணைப்பு," என்றது. இரவோடு இரவாக மேலிடம் எதையோ அனுப்பி, செட்டிங்கைப் பழையபடி தூங்க வைத்திருந்தது. இந்த முறை அவள் விழிப்பாக இருந்ததால் தப்பித்தாள். மழைநாளில் முந்நூறு கடிதத்துக்கு நடுவே இப்படி ஒன்று வந்தால்? அந்த ஓட்டுநரின் மனைவி ஒருத்தியோடு போகாது.

வயர் வந்து திரும்பவும் மாற்றிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். ஒரு பக்கக் கடிதம் எழுதி, தலைவியின் அறைக்குத் தானே கொண்டுபோனாள்.

தலைவி படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "காரணம் புரியுது. ஆனா எதுல சேர்த்து வாங்குறது? ஒலி சம்பந்தப்பட்ட சாமான் எல்லாம் கேளிக்கைன்னு ஒரு விதி போட்டு வச்சிருக்காங்க. போன வருஷம் யாரோ ஸ்பீக்கர் கேட்டாங்க, மேலிடத்துல திட்டி அனுப்பினாங்க. செட்டிங்கை வாராவாரம் வயரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லலாமே."

"உங்க மானிட்டர்ல ஒவ்வொரு வரியிலயும் முதல் எழுத்து தெரியலைன்னு வச்சுக்குங்க மேடம். வாராவாரம் யாராவது வந்து தட்டிக் குடுத்தா போதும்னு இருப்பீங்களா?"

தலைவி கடிதத்தைத் திரும்பவும் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்," என்றாள் அவள். "மூணு கடிதத்துல ஒண்ணையாவது நான் திறந்து கேட்டிருக்கணும். தலைப்பை மட்டும் கேட்டுப் போட்டது என் தப்பு. அதைக் கணினி தலையில கட்ட மாட்டேன். ஆனா முதல் எழுத்து போனது என் காதால இல்ல. நீங்களே இருபது எண்ணிட்டுக் கேட்டுப் பாருங்க."

தலைவி எழுந்து வந்தாள். அவள் மேசையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, குரலின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, வாய்க்குள் எண்ணினாள். கேட்டாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை எண்ணினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்து, "திரைச் சாதனம்னு எழுதி வாங்கிடுறேன். யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன்," என்றாள்.

கார்டு பத்து நாளில் வந்தது. வயர் பெட்டியைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "புதுசு வாயைத் திறக்கிற வரைக்கும் பழசோட வாயை மூடிடாதீங்க."

"நான் பாத்துக்கிறேன், விடுங்க," என்றார் வயர். புதுக் கார்டைப் பேச வைக்கிற டிரைவர் என்ற மென்பொருளைத் திரையின் முகப்பிலேயே ஒரு கோப்புறையில் போட்டு வைத்தார். கணினியை அணைத்தார். பெட்டியைத் திறந்து கார்டைச் செருகினார். மறுபடி உயிர் கொடுத்து, கையோடு கையாக, பழக்க தோஷத்தில், உள்ளே ஒட்டியிருந்த பழையதை நிறுத்தியும் விட்டார். அந்த நேரம் பார்த்து நீரேற்று நிலையத்திலிருந்து ஃபோன். அங்கே கட்டுப்பாட்டுக் கணினி படுத்துவிட்டதாம். "அரை மணியில வந்துடுறேன்," என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நீரேற்று நிலையம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அரை மணி என்றால் சாயங்காலம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் விசையைத் தட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. அறையிலும் ஆளில்லை, மற்றவர்கள் எல்லாரும் மாதக் கூட்டத்தில் இருந்தார்கள். கடிதங்கள் மட்டும் வந்து குவிந்துகொண்டிருக்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "அம்மா, நான்தான். பாட்டில் கொண்டாந்தவன்," என்றது குரல். ரயில் ஓட்டுநர்.

"தண்ணி இன்னும் சரியாகலையா?"

"சரியாச்சு. சாக்கடைக் குழாய் வெடிச்சு இதுல கலந்திருந்துச்சாம், தோண்டிப் போட்டுட்டாங்க. அன்னிக்கு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"உங்க வீட்டம்மா?"

"எழுந்து நடமாடுறா. என்னைத் திட்டுற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "உங்களுக்கு அவசரம் இல்லைன்னா ஒரு உதவி செய்வீங்களா? இந்தத் திரையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும்."

நாற்காலி இழுபட்டது. கண்ணாடிக் கூடு திறந்து மூடியது. அவர் படிக்க ஆரம்பித்தார். எதையும் விடவில்லை. மூலையில் இருந்த கடிகாரம், தேதி, கணினி செய்த கம்பெனியின் பேர், எல்லாவற்றையும் படித்தார். சிக்னலைப் பார்த்துப் பார்த்தே முப்பத்தாறு வருடம் ஓட்டியவர்.

"நடுவுல ஒரு கட்டம். அதுல..." நின்றார். "இதை எப்படிச் சொல்றது. 'டிரைவர் கிடைக்கவில்லை'னு போட்டிருக்கும்மா."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். "ரிட்டயர் ஆனாலும் விட மாட்டேங்கிறானே," என்றார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. எந்த விசை எங்கே கொண்டுபோகும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். எங்கே போய் நிற்கிறோம் என்பதுதான் தெரியாது. அவள் தட்டுவாள், அவர் சொல்வார். "நீலக் கட்டம் ஒண்ணு கீழ போயிடுச்சு. திரும்புங்க. ஆங், அங்கதான். 'சவுண்ட்'னு இருக்கு." ஒருமுறை தப்பான பொத்தானில் போய் நின்றாள். "ரத்துன்னு இருக்கு, தொடாதீங்க," என்று அவர் சட்டென்று தடுத்தார். ஒரு பச்சைக் கோடு நகர்கிறது என்றார். பாதி என்றார். முக்கால் என்றார். பிறகு, "நின்னுடுச்சு," என்றார்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒலிச் சாதனம் தயார்," என்றது கணினி ஹெட்போனுக்குள். ஒ என்ற எழுத்து முழுதாக, கொஞ்சம் அழுத்தமாகவே வந்தது. அவள் இருபது எண்ணினாள். பிறகு நூறு எண்ணினாள். ஓட்டுநர் ஏன் என்று கேட்கவில்லை. நூறுக்குப் பிறகும் ஒரு எழுத்தும் குறையவில்லை.

"வந்துடுச்சுங்க," என்றாள்.

"அப்ப நான் கெளம்புறேன். காய்கறி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்," என்று எழுந்தார்.

வயர் சாயங்காலம் வந்து, நடந்ததைக் கேட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அடுத்த வாரம், இதே மாதிரிக் கணினி வைத்து வேலை செய்கிற பார்வையற்ற ஊழியர்கள் மற்றக் கிளைகளில் இரண்டு பேர் இருப்பதை அவரே தேடிக் கண்டுபிடித்து, தலைவியிடம் சொல்லி அவர்களுக்கும் கார்டு கேட்டு எழுத வைத்தார்.

புதுக் கார்டில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. குரல் ரொம்பத் துல்லியமாக இருந்தது. 'ச'வும் 'ஷ'வும் ஊசி மாதிரி குத்தின. முதல் இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டியிருந்தது. மாலையில் தலைவலியோடு வீட்டுக்குப் போனாள். கணவன், "நான் அப்பவே சொன்னேன்," என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு அதுவும் பழகியது.

கார்டு போட்ட மறுநாளே, புதுக் கணினி வந்த நாளிலிருந்து பாராட்டுப் பெட்டியில் விழுந்ததை எல்லாம் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாற்பத்தொரு கடிதம். அதில் ஓட்டுநரின் மூன்றைத் தவிர இன்னும் ஆறு, பாராட்டே இல்லை. ஆறு பேருக்கும் அவளே ஃபோன் செய்தாள். இரண்டு பேர் கோபித்தார்கள். ஒருத்தர் தான் எழுதியதையே மறந்திருந்தார். ஒரு அம்மாள், நன்றி என்று பதில் வந்ததும் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நம்பி, ஒரு மாதமாக அந்தத் தண்ணீரையே காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட மதியம் தபால்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்தில் ஆள் போடுகிற பேச்சைத் தலைவி மறுபடி எடுக்கவில்லை. ஆனால் ஒரு புது உத்தரவு போட்டாள்: பாராட்டுக் கடிதங்களையும் இனி முழுவதும் படித்த பிறகே பதில் அனுப்ப வேண்டும். அதனால் தபால்காரம்மாவுக்குத் தினமும் அரை மணி வேலை கூடியது. தன் பங்கு தப்புக்கு அது நியாயம்தான் என்று ஏற்றுக்கொண்டாள். படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. உண்மையாகவே பாராட்டி எழுதுகிறவர்களும் சும்மா எழுதுவதில்லை. முதல் இரண்டு வரியில் மனதாரப் புகழ்வார்கள். மூன்றாவது வரியில், 'ஆனால், குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை; நேற்று என் மாமியார் அதில் கால் வைத்துவிட்டார்,' என்று வரும்.

அப்படி ஒன்று அன்றைக்கும் வந்தது. அவள் அதைச் சாலைப் பிரிவுக்குத் தள்ளி, அவசரம் என்று குறிப்புப் போட்டுவிட்டு, அடுத்ததைத் திறந்தாள்.